கோட்டாறு லீவும் சங்குமுகத்து விமானங்களும்

டிசம்பர் 3 எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவின் கடைசி நாள். 2025-ல் அதே நாளில் திருக்கார்த்திகையும் சேர்ந்து வந்தது. இதெல்லாம் போதாதென்று கடற்படை தினத்தையொட்டிய சாகச நிகழ்ச்சியையும் அன்று மாலைக்கே திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் வைத்துவிட்டார்கள். கோட்டாற்றுத் தேரா, வீட்டு விளக்கா, விமானமா என்று தக்கலையில் எங்கள் வீட்டில் பெரிய பட்டிமன்றம் நடந்தது. தேர் அடுத்த வருஷமும் ஓடும், விளக்கை மாமி ஏற்றிவிடுவார்கள், விமானம்தான் மறுபடி எப்போது இந்தப் பக்கம் வருமோ என்று நான் சொன்னது எடுபட்டது.

சும்மா ஒப்பேற்றச் சொன்ன வாதமில்லை அது. 1971 போரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவாகத்தான் டிசம்பர் 4-ஐக் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிய நிகழ்ச்சி 2023-ல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கில் நடந்தது, 2024-ல் ஒடிசாவின் பூரியில். இந்த முறை நம் வீட்டிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில். விட மனசு வருமா?

அம்மாவுக்கு மட்டும் பயம் போகவில்லை. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்துபோன செய்தியை அவர்கள் மறக்கவே இல்லை. அது உச்சி வெயில் நேரத்தில் நடந்த நிகழ்ச்சி. முடிந்ததும் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நகர்ந்தார்கள். அந்தச் செய்திகளை அன்றைக்கு வரிவிடாமல் படித்தவள் நான். அதில் எனக்குப் புரிந்தது, இந்த மாதிரி இடங்களில் கஷ்டமெல்லாம் விமானம் போன பிறகுதான் தொடங்குகிறது. அதனால் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, எப்படித் திரும்பி வருவது என்பதை முதலில் முடிவு செய்தோம்.

காரை நகருக்குள் கொண்டுபோவதில்லை என்பது முதல் முடிவு. குடியரசுத் தலைவர் வருகிற நிகழ்ச்சி, எந்தச் சாலையை எப்போது அடைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாலராமபுரத்தில் வீட்டுக்காரரின் சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே காரை விட்டுவிட்டு, கேரள அரசு பஸ்ஸில் கிழக்கே கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் ரயிலில் போகலாம். ஆனால் திரும்பி வரும் ரயிலை நம்பி ஏறாதீர்கள். நிகழ்ச்சி முடியும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இல்லையென்றால், நாகர்கோவில் வடசேரிக்கோ களியக்காவிளைக்கோ போகிற பஸ்தான் உறுதியானது.

பிள்ளைகள் இரண்டு பேரின் முன்கையிலும் என் ஃபோன் நம்பரைப் பேனாவால் எழுதிவிட்டேன். மகன் ஆறாம் வகுப்பு என்பதால் கொஞ்சம் வெட்கப்பட்டான். சட்டைக் கையை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்டான். கூட்டம் சேர்ந்ததும் ஃபோன் சிக்னல் செத்துவிடும், அதனால் பிரிந்துபோனால் எல்லாரும் கானாயி குஞ்ஞிராமன் செய்த பெரிய கடல்கன்னிச் சிலைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். நினைத்தபடியே நாலு மணிக்கெல்லாம் ஃபோன் வெறும் கேமராவாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் திருக்கார்த்திகை கைகொடுத்தது. நம் பக்கத்தில் அன்றைக்கு ஓலைக் கொழுக்கட்டை இல்லாமல் முடியுமா? பச்சைப் பனங்குருத்தோலையை நறுக்கி, அரிசி மாவு, கருப்பட்டி, துருவிய தேங்காய், வேகவைத்த சிறுபயறு, கொஞ்சம் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிசைந்ததை உள்ளே திணித்து, இன்னொரு ஓலையால் மூடி, ஓலைக் கீற்றாலேயே கட்டி ஆவியில் வேகவைப்பது. மாமி விடியற்காலையிலேயே முதல் ஈடு இறக்கிவிட்டார்கள். சூடு ஆறிய பிறகும் ஓலை மணம் போகாது, கசியாது, கை பிசுபிசுக்காது, சாயங்காலம் வரை கெடாது. கடற்கரைக் கூட்டத்தில் கையில் வைத்துத் தின்ன இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. சட்னி, சாம்பார் வகையறாக்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மணலில் பட்ட பாட்டைப் பக்கத்திலேயே பார்த்தோம்.

பெண்களுக்கு ஒரு விஷயம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கிழக்கே கோட்டையை அடைவதற்கு முன்பே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு, கழிப்பறையையும் பயன்படுத்திவிட்டுப் போனோம். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தால் போதும்.

வழியெல்லாம் உள்ளாட்சித் தேர்தல் சுவரொட்டிகள். திருவனந்தபுரத்தில் டிசம்பர் 9 அன்று ஓட்டு. மகளுக்கு மலையாள எழுத்து தெரியாததால் சின்னங்களை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தாள். விமான நிலையத்துப் பக்கம் வந்ததும் மகன், “அந்த வெள்ளைக்காரன் விமானம் இங்கதானே நின்னுச்சு?” என்று கேட்டான். ஆமாம், பிரிட்டனின் போர்விமானம் எஃப்-35பி. 2025 ஜூன் 14 இரவு இறங்கி, பழுதாகி, ஜூலை 22 அன்றுதான் கிளம்பிப் போனது. அந்த விமான நிலையத்தில் அதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகிற பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகத்துக்குப் போகிற வழி அந்த ஓடுபாதையின் குறுக்கேதான் இருக்கிறது. அதற்காக வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுகிறார்கள். யானை கடந்த பிறகுதான் விமானம்.

மேடைக்கு எதிரே இடம்பிடிக்க நாங்கள் முண்டவில்லை. வலியதுறைப் பக்கமாகத் தெற்கே தள்ளி உட்கார்ந்தோம். மேடைக்கு முன்னால் நடக்கும் அணிவகுப்பும் பாண்டு வாத்தியமும் அங்கிருந்து தெரியாது, உண்மைதான். வானத்தில் நடப்பது எல்லாருக்கும் பொது. வெளியேறும் வழி பக்கத்திலேயே இருந்தது, அது எனக்குப் போதும்.

மேற்குப் பார்த்த கடற்கரையில் சாயங்கால நிகழ்ச்சி என்றால் சூரியன் நேராகக் கண்ணுக்குள் இறங்கும். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்குத்தான் அஸ்தமனம், அதுவரை கூச்சம்தான். முன்பக்கம் நீட்டிய தொப்பி அவசியம். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஃபோனில் படம் எடுத்தால் விமானம் கறுப்புப் புள்ளியாகத்தான் விழும். தலைக்கு மேலே தாண்டி கிழக்கே போகும்போது எடுத்தால் வெளிச்சம் அதன் மேல் படும், நிறமும் தெரியும். உப்புக்காற்றில் லென்ஸில் மங்கல் படிந்துகொண்டே இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தால் இன்னும் மோசம், கண்ணாடி துடைக்கிற துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்படையின் மிக்-29கே போர்விமானம் வந்தபோது எங்களைச் சுற்றி இருந்தவர்கள் பாதிப்பேர் தவறான திசையில் பார்த்தார்கள். சத்தம் வந்த இடத்தில் விமானத்தைத் தேடினால் அது அங்கே இருக்காது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மணிக்கு 800 கிலோமீட்டரில் வருகிற விமானம் நொடிக்கு 220 மீட்டர் தாண்டுகிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த சத்தம் நம் காதுக்கு வர நாலு நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் விமானம் ஒரு கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும். அதனால் சத்தம் கேட்ட இடத்திலிருந்து அது போகிற பக்கமாக நன்றாகத் தள்ளிக் கண்ணை வைக்க வேண்டும். மகனுக்கு இதைச் சொன்னதும் அடுத்த தடவை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். பிறகு சுற்றியிருந்த பெரியவர்களுக்கெல்லாம் அவனே கைகாட்டினான்.

சத்தத்தைப் பற்றி டிவியில் பார்த்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிடுகிறது. தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு அடி, அதன் பிறகு நீளமான கிழிசல். மகளுக்குக் காதில் பஞ்சு வைத்து மேலே கையாலும் பொத்தச் சொல்லியிருந்தேன், அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டதுதான் பாவமாக இருந்தது. அந்தத் தாய்க்கு நகரவும் இடமில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டில் விட ஆளில்லை என்றால், வீட்டிலேயே இருந்துவிடுவது நல்லது. கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தூரத்தில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் நின்றது. 262 மீட்டர் நீளக் கப்பல், கொச்சியிலேயே கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று படையில் சேர்த்தது. கரையிலிருந்து பார்த்தால் தட்டையான ஒரு கோடு, முன்முனை மட்டும் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் குட்டையான ஓடுதளத்திலிருந்து விமானத்தை மேலே தூக்கிவிடுகிறது. இறங்கும்போது விமானத்தின் வாலில் இருக்கிற கொக்கி, தளத்தில் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் மாட்டி நிற்கும். பைனாகுலர் இருந்தால் இந்த மாதிரி நிகழ்ச்சியில் பாதி சுவை கூடும். நாங்கள் சித்தப்பாவுடையதை வாங்கிக்கொண்டு போயிருந்தோம்.

எங்களுக்கு முன்னால் தூத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், கடலுக்குப் போகிறவர். விமானத்துக்கெல்லாம் அவர் கைதட்டவில்லை. ஹெலிகாப்டர் ஒன்று அசையாமல் நின்று, வீரர்கள் கயிற்றில் இறங்கியபோது மட்டும் எழுந்து நின்று பார்த்தார். பிறகு என் மகனிடம் திரும்பி, “காத்து அடிக்கும்போதும் இது இப்பிடி நிக்குமா மக்கா?” என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ஆள் திரும்பாத வீடுகள் அந்தக் கரையில் எத்தனையோ. எங்கள் கடற்கரை ஊர்களில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பெரியவர்களுக்கு இன்றைக்கும் நினைவு வருவது கடலில் ஆள் தேடிய நாட்கள்தான். கண்காட்சியைவிட எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. அதற்குப் பதில் சொல்கிற அறிவு என்னிடம் இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

இருட்டியதும் கடலில் நின்ற கப்பல்களில் விளக்கு போட்டார்கள். அப்போதே கூட்டம் எழுந்து நெருக்க ஆரம்பித்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. மீதிக் கொழுக்கட்டையைப் பிரித்துத் தின்றுகொண்டு கப்பல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரத்துக்கும் மேலே உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ் வரிசையில் நிற்காமல் வள்ளக்கடவு வழியாக ஈஞ்சக்கல் வரை நடந்தோம். பிள்ளைகளோடு மூன்று கிலோமீட்டர் நடை என்றால் மலைப்பாக இருக்கும். ஆனால் நகராத பஸ்ஸில் நிற்பதைவிட நடப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பைபாஸில் ஏறியதும் ஆட்டோ கிடைத்தது. நல்ல செருப்பு, கையில் ஒரு சின்ன டார்ச், இரண்டும் இருந்தால் இந்த நடை கஷ்டமே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமி தூங்கவில்லை. “டிவியில நல்லா கிட்டத்துல காட்டினான், நீங்க எதுக்கு அங்க போய் வெயில் காயணும்?” என்றார்கள். அவர்கள் ஏற்றிய விளக்குகள் முற்றத்தில் பாதி எரிந்துகொண்டிருந்தன.

அந்த வாரக் கடைசியைத் தீர்மானித்தது மகனின் ஒரு கேள்வி. “நம்ம கடல்ல எப்பவாவது சண்டை நடந்திருக்கா?” நடந்திருக்கிறது, வீட்டிலிருந்து பக்கத்திலேயே. 1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை தோற்கடித்தது. சனிக்கிழமை காலை அங்கே போனோம். கடற்கரைப் பக்கம் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. தூணை மட்டும் பார்க்கப் போனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். காலையில் வள்ளங்கள் கரையேறும் நேரமாகப் பார்த்துப் போனால் மீன் ஏலமும் சேர்ந்து கிடைக்கும். நாங்கள் நெத்திலி வாங்கிக்கொண்டோம், ஐஸ் போட ஒரு பெட்டி வண்டியில் இருந்தது.

அங்கிருந்து நேராக உதயகிரிக் கோட்டை. புலியூர்க்குறிச்சியில் தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. தக்கலையில் இருந்துகொண்டு எத்தனை முறை அதைக் கடந்து நாகர்கோவில் போயிருப்போம், உள்ளே நுழைந்ததில்லை. குளச்சலில் பிடிபட்ட டி லனாய் என்ற அதிகாரி பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, தளபதியாகி, 1777-ல் இறந்து, இந்தக் கோட்டைக்குள்ளே கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. மகன் குனிந்து தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். சில எழுத்துகள் இன்றைய மாதிரி இல்லை, திணறினான், ஆனால் விடவில்லை. தோற்றவன் ஜெயித்தவனுக்கே வேலை பார்த்த கதை அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கோட்டை இப்போது வனத்துறையின் பூங்கா. மரநிழல் நிறைய, கொசுவும் நிறைய. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள்.

இதே டி லனாய் மூலமாகத்தான் தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதராக அறிவித்தார்கள். அவர் கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குள் இருக்கிறது. லீவு கொடுத்த கோவிலுக்குத் திருவிழா முடிந்த பிறகாவது போவோம் என்று அன்று சாயங்காலம் போய்வந்தோம். தேர்க்கூட்டம் போய்விட்டிருந்தது, கடைகள் மட்டும் கொஞ்சம் மிச்சம். நிதானமாகப் பார்க்க அதுதான் தோதான நேரம்.

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலம் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் பிள்ளைகளின் ஒரே கோரிக்கை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. முன்பெல்லாம் கடல் மட்டம் இறங்கினால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது, 133 அடிச் சிலையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். அந்தக் குறை இந்தப் பாலத்தால் தீர்ந்தது. ஆனால் சபரிமலை சீசனில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, படகுத்துறை வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஐயப்ப பக்தர்கள் கருக்கலிலேயே வந்து நிற்பார்கள். நாங்கள் போனபோது வரிசையின் வால் எங்கே என்றே தெரியவில்லை. அவ்வளவு கூட்டத்தில் பாலத்தின் மேல் போனாலும் கண்ணாடிக்குக் கீழே கடல் தெரியாது, அடுத்தவர் கால்தான் தெரியும் என்று நான் சொன்னேன். நாத்தனாருக்கு, அதாவது எங்கள் மைனிக்குக் கோபம். “இவ்வளவு தூரம் வந்தது இதுக்காகத்தானே?” என்றார்கள்.

வீட்டுக்காரர் வண்டியை வட்டக்கோட்டைக்குத் திருப்பினார். ஆறேழு கிலோமீட்டர்தான். இதையும் டி லனாய்தான் பலப்படுத்திக் கட்டினார் என்றதும் என் மகன் தன் சொந்தக்காரர் வீட்டைக் காட்டுகிற தோரணையில் அத்தை பிள்ளைகளை மதில் மேல் அழைத்துக்கொண்டு ஓடினான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, தூரத்தில் மலை. காற்று பிய்த்துக்கொண்டு போகும். மதிலின் மேல் நிழல் கிடையாது, அதனால் காலை பத்துக்கு முன்பு அல்லது மூன்றரைக்குப் பிறகு போக வேண்டும். பதநீர், நொங்கு விற்பவர்கள் வாசலில் இருந்தால் அங்கேயே குடித்துவிடுங்கள், உள்ளே எதுவும் கிடையாது.

திரும்பும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டலாம் என்று பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிற அந்த அரண்மனையைச் சாயங்கால அவசரத்தில் பார்த்தால் தரையின் பளபளப்பு மட்டும்தான் நினைவில் நிற்கும். திங்கள் விடுமுறை, மதியம் இடைவேளை விடுவார்கள், செருப்பை வெளியே விட வேண்டும். காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே நிற்பவர்களுக்குத்தான் அது வசப்படும்.

மைனிக்கு இன்னும் கண்ணாடிப் பாலம் பாக்கி. மகரவிளக்கு முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு வாரநாள், முதல் படகு. கடல் ஒத்துழைத்துப் படகு ஓடுகிறதா என்று காலையிலேயே நான் விசாரித்துச் சொல்வது, அவர்கள் முந்தின நாள் இரவே தக்கலைக்கு வந்து தங்கிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.